இகுவாசு அருவிக்குப் பயணம்: ஒரு நாட்டில் இறங்கி மறுநாட்டில் ஏறும் திட்டம்

பிரேசிலின் தென்பகுதியில், அட்லாண்டிக் கடலோரத்தை ஒட்டிய மலைத்தொடரில் குரிச்சிபா நகருக்கு அருகே பிறக்கும் இகுவாசு ஆறு, பக்கத்திலேயே கடல் இருந்தும் அந்தத் திசையில் போகாமல், மேற்கே உள்நாட்டுக்குள் 1,300 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிப் பரானா ஆற்றில் கலக்கிறது. கலப்பதற்கு 23 கிலோமீட்டர் முன்பாக அது ஒரு பாறை விளிம்பிலிருந்து கீழே விழுகிறது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து உண்டான பசால்ட் பாறை அது. அந்த விளிம்பு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து நெளிந்து செல்வதால், ஆறு ஒரே அருவியாக விழாமல் ஏறத்தாழ 275 தாரைகளாகப் பிரிந்து விழுகிறது. அவற்றுள் பெரியதும் 80 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரமுடையதுமான 'சாத்தானின் தொண்டை' வழியாகத்தான் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையிலான எல்லைக்கோடு செல்கிறது.

பயணத் திட்டத்தின் சிக்கல் இந்த எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது. அர்ஜென்டினா தன் பக்கத்துக் காட்டை 1934-லும், பிரேசில் தன் பக்கத்தை 1939-லும் தேசியப் பூங்காவாக அறிவித்தன. யுனெஸ்கோவும் அவற்றை 1984-லும் 1986-லும் தனித்தனியாகவே உலக மரபுச் சின்னங்களாகச் சேர்த்தது. இரண்டும் சேர்ந்து இரண்டு லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான மழைக்காடு என்றாலும், ஒரு பூங்காவிலிருந்து மற்றொன்றுக்குள் நடந்து போக வழி கிடையாது. எதிர்க்கரையில் நிற்பவர்களின் மழையங்கி நிறம்கூடத் தெரியும். ஆனால் அங்கே போய்ச் சேர, பூங்காவை விட்டு வெளியேறி, ஊருக்குள் வந்து, ஆற்றுப் பாலத்தைக் கடந்து, இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகளையும் முடித்து, மறுபக்கத்துப் பூங்கா வாசல்வரை மறுபடியும் போக வேண்டும். பயண நிறுவனங்கள் சில இரண்டு பக்கங்களையும் ஒரே நாளில் காட்டிவிடுவதாக விற்கின்றன. அந்த நாளில் பெரும்பகுதி வண்டியிலும் வரிசையிலும் கழியும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

பிரேசிலுக்கு ஒரு நாள், அர்ஜென்டினாவுக்கு ஒரு முழு நாள், மழைக்கும் வெள்ளத்துக்கும் ஈடுகட்ட இன்னொரு நாள் என மூன்று பகல்களை ஒதுக்குவதே சரியான கணக்கு. அதோடு, முடிந்தவரை ஒரு நாட்டில் இறங்கி மறு நாட்டில் விமானம் ஏறும்படி பயணச்சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாவோ பாவ்லோவில் வந்திறங்கி, உள்நாட்டு விமானத்தில் பிரேசில் பக்கத்து ஊரான ஃபோஸ் டோ இகுவாசுவுக்குச் சென்று, பார்த்து முடித்துப் பாலத்தைக் கடந்து, அர்ஜென்டினாப் பக்கத்துப் புவெர்டோ இகுவாசுவிலிருந்து புவெனஸ் ஐரிஸுக்குப் பறந்து, அங்கிருந்து ஊர் திரும்பும் வழி அது. எல்லையை ஒரே முறை கடந்தால் போதும். ஒவ்வொரு விசாவும் ஒரே நுழைவுக்குத்தான் தேவைப்படும். வந்த வழியே திரும்பும் அலைச்சலும் மிச்சம்.

ஆவணங்கள்

விமானச்சீட்டுக்கு முன்னால் விசாவைப் பாருங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குப் பிரேசில் விசா வேண்டும். அர்ஜென்டினாவுக்கும் விசா வேண்டும் என்பதே பொது விதி. செல்லுபடியாகும் அமெரிக்கச் சுற்றுலா விசா வைத்திருப்போருக்கு மட்டும் அந்நாடு சலுகை காட்டிவருகிறது. இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை. ஆகவே முகவர் சொல்வதை மட்டும் நம்பாமல், அந்தந்தத் தூதரகத்தின் இணையதளத்தை விண்ணப்பிக்கும் நாளிலேயே படித்துவிடுவது நல்லது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டுகளுக்கு விதிகள் வேறு. அவற்றைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேலே சொன்ன ஒருவழிப் பயணம் அமையாமல், பிரேசிலில் இறங்கிப் பிரேசிலிலேயே விமானம் ஏறுவதாக இருந்தால், விசாவில் எத்தனை நுழைவுகள் அனுமதிக்கப்பட்டுள்ளன என்று கவனியுங்கள். ஒரே நுழைவுக்கான பிரேசில் விசாவோடு அரை நாள் அர்ஜென்டினா போனாலும், திரும்பி வரும்போது அந்த விசா முடிந்துபோயிருக்கும்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அருவியைச் சுற்றியுள்ள பிரேசிலின் பரானா மாநிலத்துக்கும் அர்ஜென்டினாவின் மிசியோனெஸ் மாகாணத்துக்கும் செல்வோர் இதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று மருத்துவ அமைப்புகள் அறிவுறுத்துகின்றன. நம்மைப் பொறுத்தவரை, ஊர் திரும்பும்போது இதைவிடப் பெரிய காரணம் ஒன்று காத்திருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளிலிருந்து வருபவரிடம் இந்தியா இந்தச் சான்றிதழைக் கேட்கிறது. இல்லாதவரை ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைக்கச் சட்டத்தில் இடமுண்டு. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளும் அதே சான்றிதழைக் கேட்பவைதாம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையத்திலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் இந்த ஊசி போடப்படுகிறது. குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே போடுவார்கள் என்பதால், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே முன்பதிவு செய்துகொள்ளுங்கள். இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட நுண்கிருமியால் ஆன மருந்து. அறுபது வயதைக் கடந்தவர்கள், கருவுற்றவர்கள், முட்டை ஒவ்வாதவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. மஞ்சள் நிறச் சான்றிதழ் அட்டையைப் பெட்டியில் போடாமல் கடவுச்சீட்டோடு சேர்த்துக் கைப்பையில் வையுங்கள்.

எந்த மாதம், எவ்வளவு தண்ணீர்

குற்றாலத்துக்குக் கிளம்புகிறவர் 'சீசன்' தொடங்கிவிட்டதா என்று கேட்பதுபோல இங்கே கேட்டால் தெளிவான விடை கிடைக்காது. இகுவாசு வட்டாரத்தில் மாதந்தோறும் மழை உண்டு. வறண்ட பருவம் என்று தனியாக எதுவும் இல்லை. அருவியில் விழும் நீரின் அளவும் அருவியருகே பெய்யும் மழையைப் பொறுத்ததாக இல்லாமல், பல நூறு கிலோமீட்டர் கிழக்கே பரானா மாநிலத்தில் பெய்யும் மழையையும், ஆற்றின் குறுக்கே அடுத்தடுத்துக் கட்டப்பட்டுள்ள மின் அணைகள் எப்போது நீரைத் தேக்குகின்றன, எப்போது திறந்துவிடுகின்றன என்பதையும் பொறுத்திருக்கிறது. அதனால், உச்சிவெயில் காயும் நாளில் செம்பழுப்பு வெள்ளம் கரைபுரள்வதும், நாள் முழுதும் தூறிக்கொண்டிருக்கையில் அருவி மெலிந்து கிடப்பதும் அங்கே புதுமையல்ல.

சராசரியாக நொடிக்கு சுமார் 1,500 கன மீட்டர், அதாவது 15 லட்சம் லிட்டர் நீர் விழுகிறது. 2014 ஜூன் மாதத்தில் அது 46,000 கன மீட்டருக்கு உயர்ந்தது. 2020-இல் ஏற்பட்ட வறட்சியில் 300-க்கும் கீழே இறங்கியது. 2023 அக்டோபர் இறுதியில் 24,000 கன மீட்டரைத் தாண்டிய வெள்ளம் நடைபாலங்களை மூட வைத்தது. சாத்தானின் தொண்டைக்குச் செல்லும் அர்ஜென்டினாப் பாலம் சேதமுற்று, அதற்குப் பின்னும் பல மாதங்கள் திறக்கப்படவில்லை. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் தென்பிரேசிலில் மழை மிகுவதும், அது குளிரும் லா நினா ஆண்டுகளில் குறைவதும் பொதுவாகக் காணப்படும் போக்கு. பயண ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருப்பவர்கள் அதையும் ஒரு குறிப்பாகக் கொள்ளலாம். புறப்படுவதற்கு முந்தைய வாரம் ஆற்றின் நீர்வரத்தையும், எந்தெந்த நடைபாதைகள் திறந்திருக்கின்றன என்ற பூங்கா அறிவிப்பையும் பார்த்துவிட வேண்டும். நீர் மிக அதிகம் என்றால் மகிழத் தேவையில்லை; வெள்ளம் கூடக் கூடச் சாரல் திரைபோல் எழுந்து மறைத்துவிடும், பாலங்களும் மூடப்படும். சராசரிக்குச் சற்று மேலே நீர் ஓடும் நாட்களே காட்சிக்கு நல்லவை.

வெயிலையும் கூட்டத்தையும் கருதினால் மார்ச் முதல் மே வரையும், ஆகஸ்ட் பிற்பகுதி முதல் அக்டோபர் வரையும் வசதியானவை. தென் அரைக்கோளம் என்பதால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கோடை. சென்னைவாசிக்குப் பழகிய புழுக்கம்தான் என்றாலும், ஜனவரி முழுவதும் அந்த நாடுகளின் பள்ளி விடுமுறைக் கூட்டம் மொய்க்கும். கார்னிவல் நாட்களிலும், ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலும், ஜூலை மாதக் குளிர்கால விடுமுறையிலும் அறை வாடகை உயர்ந்துவிடும். ஜூன், ஜூலை இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போவதும் உண்டு. காலையில் சாரலில் நனைந்துவிட்டு மாலையில் நடுங்கும் பயணிகளுள் வெப்பமண்டலக் காட்டில் குளிராது என்று நம்பி வந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

போய்ச் சேரும் வழி

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ நேரடி விமானம் கிடையாது. துபாய் அல்லது தோகாவில் மாறிச் சாவோ பாவ்லோ போவது பலருக்கும் வசதியான வழி. அங்கிருந்து ஃபோஸ் டோ இகுவாசுவுக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். திரும்பும் வழியில் கவனம் தேவை. புவெர்டோ இகுவாசுவிலிருந்து புவெனஸ் ஐரிஸுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். அந்த விமானங்களில் பல ஆற்றங்கரையில் நகருக்குள்ளேயே உள்ள ஏரோபார்க்கே நிலையத்தில் இறங்கும். வெளிநாட்டு விமானங்களோ நகருக்கு வெளியே வெகு தூரத்தில் உள்ள எசெய்சா நிலையத்திலிருந்து கிளம்பும். நெரிசல் நேரத்தில் நகரைக் கடந்துபோக இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஆறு மணி நேரம் விடுங்கள்; ஓர் இரவு தங்கிவிட்டால் இன்னும் நல்லது.

நேர வேறுபாடு இரு ஊர்களிலும் ஒன்றே. இந்திய நேரத்துக்கு எட்டரை மணி நேரம் பின்னே. மின்செருகி மட்டும் இரு நாடுகளிலும் வெவ்வேறு வடிவம் என்பதால் பல நாட்டு அடாப்டர் ஒன்று வேண்டும்.

ஃபோஸ் டோ இகுவாசு பெரிய நகரம். விடுதிகள் மலிவு, உணவகங்கள் ஏராளம், நகரப் பேருந்தே விமான நிலையம் வழியாகப் பூங்கா வாசல்வரை செல்லும். புவெர்டோ இகுவாசு சிறிய ஊர். மாலையில் நடந்தே சுற்றலாம். பேருந்து நிலையத்திலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பூங்காவுக்கு நாள் முழுவதும் பேருந்து ஓடும். முதல் நாள் இரவைப் பிரேசில் பக்கத்திலும் மற்ற இரவுகளை அர்ஜென்டினாப் பக்கத்திலும் தங்குவது நம் திட்டத்துக்குப் பொருந்தும். இரு பூங்காக்களுக்குள்ளும் அருவியைப் பார்த்தபடி ஒவ்வோர் உயர்தர விடுதி உண்டு. பூங்கா திறப்பதற்கு முன்னும் மூடிய பின்னும் அருவியருகே இருக்கலாம் என்பதே அவற்றின் விலைக்குக் காரணம். அந்த விலை பெரும்பாலோருக்குக் கட்டாது.

முதல் நாள்: பிரேசில் பக்கம்

இந்தப் பக்கத்தை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தாரைகளில் பெரும்பாலானவை அர்ஜென்டினா மண்ணில் விழுகின்றன. எனவே அவற்றை எதிரே நின்று மொத்தமாகப் பார்க்கும் வாய்ப்பு பிரேசிலுக்கு வாய்த்தது. பாறை இரண்டு படிகளாக அமைந்திருப்பதும், மேல்படியில் விழுந்த நீர் சற்றுத் தவழ்ந்து மீண்டும் கீழ்ப்படியில் விழுவதும், நடுவே தீவுகள் திட்டுத்திட்டாக நிற்பதும் இங்கிருந்தே விளங்கும். மறுநாள் அந்தத் தாரைகளுக்கு நடுவே நடக்கும்போது எங்கே நிற்கிறோம் என்று புரிவதற்கு இந்த முதல் பார்வை உதவுகிறது. வரிசையை மாற்றி அர்ஜென்டினாவை முதலில் பார்த்தவர்களுக்குப் பிரேசில் பக்கம் சப்பென்று படுவதும் உண்டு.

நுழைவுச்சீட்டை நேரம் குறித்து இணையத்தில் வாங்கிவிடுங்கள். கூட்ட நாட்களில் விரும்பும் நேரம் கிடைக்காமல் போகலாம். தனி வாகனங்கள் பார்வையாளர் மையத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து பூங்காவின் மாடிப்பேருந்து காட்டுவழியே அழைத்துச் செல்லும். அருவிப் பாதை தொடங்கும் நிறுத்தத்தில் இறங்கினால், ஒன்றேகால் கிலோமீட்டர் அளவுக்குச் சரிவில் இறங்கும் நடைபாதை ஒவ்வொரு வளைவிலும் ஒரு புதிய காட்சியைத் திறந்து, முடிவில் சாத்தானின் தொண்டைக்கு எதிரே ஆற்றின்மேல் நீண்டு செல்லும் பாலத்தில் கொண்டுபோய் விடும். பாலத்தில் காலடி வைத்தவுடன் நனைந்துவிடுவீர்கள். கைப்பேசியை அதற்கு முன்பே நீர் புகாத உறையில் போட்டுவிடுங்கள். அங்கிருந்து மேலேற மின்தூக்கி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மூன்று மணி நேரம் தாராளம்.

மீதி அரை நாளில் பூங்கா வாசலுக்கு எதிரே உள்ள பறவைப் பூங்காவைப் பார்க்கலாம். காட்டில் உயரக் கிளைகளில் கண நேரம் தோன்றி மறையும் டூகான்களையும் பஞ்சவர்ணக்கிளிகளையும் அங்கே அருகில் நின்று பார்க்க முடியும். ஹெலிகாப்டர் சவாரியும் விற்கிறார்கள். அதன் இரைச்சல் காட்டு விலங்குகளுக்குக் கேடு என்று அர்ஜென்டினாத் தரப்பு நெடுங்காலமாக ஆட்சேபித்துவருகிறது. அருவிக்கரையில் நிற்பவனுக்கும் அது தொல்லைதான் என்பதால் அதற்கு நான் ஆதரவில்லை.

பாலத்தைக் கடத்தல்

இரு ஊர்களையும் இணைப்பது இகுவாசு ஆற்றின்மேல் 1985-இல் திறக்கப்பட்ட தான்கிரேடோ நேவெஸ் பாலம். உள்ளூர் மக்கள் இதைத் தினமும் எளிதாகக் கடந்து போவார்கள். அதைப் பார்த்துவிட்டு நாமும் முத்திரையில்லாமல் கடந்துவிடக் கூடாது. பேருந்தில் போனால், பிரேசில் சோதனைச் சாவடியில் இறங்க வேண்டும் என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி, இறங்கி, வெளியேறும் முத்திரையைப் பெற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பேருந்து காத்திராமல் போய்விட்டால் அடுத்ததில் ஏற வேண்டியிருக்கும். இரண்டு மூன்று பேராகப் போகிறவர்களுக்கு, இரு சாவடிகளிலும் நின்று செல்லும் வாடகைக் காரே மேல். 'முத்திரை வேண்டாம், யாரும் கேட்க மாட்டார்கள்' என்று சொல்லும் ஓட்டுநரைக் கேட்காதீர்கள். வெளியேறிய பதிவோ நுழைந்த பதிவோ இல்லாத குறை, புவெனஸ் ஐரிஸில் விமானம் ஏறும்போதோ அடுத்த முறை விசா கேட்கும்போதோதான் தெரியவரும். பழங்களைக் கையில் வைத்திருக்க வேண்டாம். பூச்சிநோய்த் தடுப்புக்காக எல்லையில் வாங்கி எறிந்துவிடுவார்கள்.

இரண்டாம் நாள்: அர்ஜென்டினாப் பக்கம்

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்று வருபவருக்கு நான் சொல்லும் பதில் இந்தப் பக்கம். இங்கே அருவியை எதிரே நின்று பார்ப்பதோடு நிற்காமல், அதன் மேலும் கீழும் பக்கவாட்டிலும் நடக்கிறோம். நடையும் அதற்கேற்ப நீளம். எல்லாப் பாதைகளையும் முடித்தால் எட்டு கிலோமீட்டருக்குக் குறையாது. காலை எட்டு மணிக்கு வாசல் திறக்கும்போதே நின்றுவிடுங்கள்.

உள்ளே ஒரு சிறிய ரயில் ஓடுகிறது. நுழைவுச்சீட்டிலேயே அதன் கட்டணம் அடங்கும். முதல் நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு ரயிலுக்குக் காத்திருப்பதைவிட, பத்து நிமிடத்தில் நடந்துவிடக்கூடிய பசுமைப் பாதையில் போவது நல்லது. காலை நேரத்தில் பறவைகளும் தென்படும். அந்த இரண்டாம் நிலையத்திலிருந்து சாத்தானின் தொண்டைக்கான ரயிலை முதலில் பிடியுங்கள். பத்தரை மணிக்கு மேல் அங்கே போகும் வரிசை நீண்டுகொண்டே போகும். காலையிலேயே முடித்துவிட்டால் மற்ற பாதைகளை அவசரமின்றி நடக்கலாம்.

கடைசி நிலையத்திலிருந்து 1,100 மீட்டர் நீளமுள்ள நடைபாலம் தொடங்குகிறது. அதில் பெரும்பகுதி, சிறு தீவுகளைத் தொட்டுத் தொட்டுப் போகும் அகன்ற, ஏறக்குறைய சலனமற்ற ஆற்றின்மேல் செல்வதால், சற்றுத் தொலைவில் அருவி இருக்கிறது என்பதை மேலெழும் வெண்புகையைக் கொண்டும் முழக்கத்தைக் கொண்டும்தான் உணர முடியும். பிறகு பாலம் முடியும் இடத்தில், அந்த அமைதியான ஆறு மூன்று பக்கங்களிலிருந்தும் ஒரே பிளவுக்குள் கவிழ்வதை அதன் விளிம்பிலேயே நின்று பார்க்கிறோம். கீழே அடி தெரியாது. உழவாரன் குருவிகள் கூட்டமாக நீர்த்திரைக்குள் பாய்ந்து மறைவதைக் கவனியுங்கள். அவை கூடு கட்டுவது தாரைகளுக்குப் பின்னால் உள்ள பாறையில். இந்தப் பூங்காவின் சின்னமும் அந்தப் பறவைதான். வானவில் வேண்டுமானால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முகில் மூடிய காலை என்றால் பிற்பகலில் மற்றோர் இடத்தில் கிடைக்கலாம்.

திரும்பி வந்து மேல்சுற்று, கீழ்ச்சுற்று என்னும் இரு பாதைகளையும் நடக்க வேண்டும். மேல்சுற்று ஏறத்தாழ சமதளம். தாரைகள் விழத் தொடங்கும் விளிம்பின்மேல் போவது. சக்கர நாற்காலியும் செல்லும். கீழ்ச்சுற்றில் படிகள் உண்டு. தாரைகளை அடியிலிருந்து அண்ணாந்து பார்க்கலாம், சில இடங்களில் சாரல் முகத்தில் அறையும். எனக்கு இந்தக் கீழ்ச்சுற்றே முழுப் பூங்காவிலும் சிறந்த நடை. சாத்தானின் தொண்டையில் எவரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க இடம் தராமல் பின்னாலிருப்பவர்கள் நெருக்குவார்கள். இங்கே காட்டுமரங்களின் நடுவே, ஒவ்வொரு தாரையாக, வேண்டிய மட்டும் நின்று பார்க்கலாம்.

அருவிக்குப் போய்க் குளிக்காமல் வருவதா என்று நம்மவர் கேட்பது இயல்பு. இங்கே எந்தத் தாரையின் கீழும் குளிக்க அனுமதியில்லை. தடுப்புக் கம்பிகளைத் தாண்டுவதும் குற்றம். நனைய வேண்டும் என்பவர்களுக்குக் காற்றடைத்த விசைப்படகு இருக்கிறது. அது தாரைகளின் அடிவரை கொண்டுபோய், கூச்சலுக்கு நடுவே முழுக்காட்டித் திரும்பும். இரு பக்கங்களிலும் இந்தச் சவாரி உண்டு. ஒன்றில் ஏறினால் போதும். நாளின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் மீதி நடையெல்லாம் ஈர உடையில்தான். முதுகுவலி, இதயநோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

விலங்குகள், உடை, உணவு

இக்காட்டில் ஜாகுவார்கள் வாழ்கின்றன. பகல்நேரப் பயணிகளின் கண்ணில் அவை படுவது மிக அரிது. உண்மையான தொல்லை, நீண்ட மூக்கும் வளையம் வளையமான வாலும் கொண்ட கோவாட்டி என்னும் பிராணியால்தான். உணவு மேசைகளைச் சுற்றிக் கூட்டமாகத் திரியும் அவை பார்க்கச் சாதுவாகத் தெரிந்தாலும், நெகிழிப் பையின் சலசலப்பைக் கேட்டாலே பாய்ந்து பிடுங்கும். கடியும் நகக்கீறலும் ஆழமாக விழும். கடிபட்ட கைகளின் படங்களையே எச்சரிக்கைப் பலகைகளில் போட்டிருக்கிறார்கள். அவற்றுக்கு எதையும் தராதீர்கள். குழந்தைகள் கையில் தின்பண்டம் கொடுத்து நடக்க விடாதீர்கள். எது கடித்தாலும் கீறினாலும் உடனே பூங்கா மருத்துவ உதவியை நாடி, வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். குரங்குகளுக்கும் இதுவே விதி. டெங்கு பரவும் வட்டாரமாதலால் கொசு விரட்டி அவசியம்.

உடை விரைவில் உலரும் துணியாக இருக்கட்டும். ஜீன்ஸும் கனத்த பருத்தியும் ஈரமானால் நாள் முழுதும் உலராது. வழுக்காத அடியுள்ள காலணி, மழையங்கி, மாற்றுச் சட்டை, லென்ஸ் துடைக்க இரண்டு மூன்று உலர்ந்த துணிகள் போதும். குடை பயன்படாது, காற்று கீழிருந்தும் அடிக்கும். அனுமதியின்றி டிரோன் பறக்கவிட இரு பூங்காக்களிலும் தடை உண்டு.

மரக்கறி மட்டும் உண்பவர்கள் பிரேசிலில் எடைக்கு விலைபோடும் உணவகங்களைத் தேடுங்கள். தட்டில் வேண்டியதை நாமே எடுத்து நிறுத்துக் காசு கொடுக்கும் அவ்விடங்களில் சோறு, காய்கள், வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு எல்லாம் கிடைக்கும். கறுப்பு அவரைக் கூட்டில் பன்றியிறைச்சி சேர்ப்பது வழக்கம் என்பதால் கேட்டுவிட்டு எடுங்கள். அர்ஜென்டினாப் பக்கத்தில் மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட சீப்பா என்னும் சிறு ரொட்டி தெருவோரமெங்கும் விற்கும்; வழிப்பசிக்கு அது போதும். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சியை மட்டும் விலக்கிவிட்டுக் கோழியைப் போட்டுத் தருவார்கள். ஆகவே இறைச்சி, கோழி, மீன், பன்றி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி மறுக்கும் வாக்கியத்தைப் போர்ச்சுகீசிலும் ஸ்பானியத்திலும் எழுதிக் கைப்பேசியில் வைத்திருங்கள்.

மிச்சமிருக்கும் நாள்

முதல் இரண்டு நாட்களில் மழையோ மூடலோ குறுக்கிட்டால் மூன்றாம் நாள் அதற்கு ஈடு. குறுக்கிடாவிட்டால், அர்ஜென்டினாப் பூங்காவிலேயே மகூகோ என்னும் காட்டுப்பாதை இருக்கிறது. போக வர ஏழு கிலோமீட்டர். பெருங்கூட்டம் எட்டிப் பார்க்காத அந்தப் பாதைதான் இது மழைக்காடு என்பதைக் காட்டும். தனியே செல்லாமல், காலையிலேயே கிளம்பி, திரும்பும் நேரத்தை வாசலில் கேட்டுக்கொண்டு போங்கள். பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் ஐந்து இரவுகள் சாத்தானின் தொண்டைக்கு நிலவொளி நடையும் நடத்துகிறார்கள், அதற்குத் தனிச்சீட்டு. பயண நாட்களைக் குறிக்கும்போதே நாட்காட்டியைப் பார்த்து முன்பதிவு செய்துவிட வேண்டும்; மேகமூட்டமான இரவாக அமைந்துவிடும் அபாயம் உண்டு.

பொறியியலில் ஆர்வம் உள்ளவர்கள் அந்த நாளைப் பிரேசில் பக்கத்திலேயே செலவிட்டு, பாலத்தைக் கடக்கும் முன் பரானா ஆற்றின்மேல் உள்ள இடைப்பு அணையைப் பார்க்கலாம். இருபது சுழலிகளும் 14,000 மெகாவாட் திறனும் கொண்ட அந்த மின்நிலையத்தைப் பிரேசிலும் பராகுவேயும் கூட்டாக நடத்துகின்றன. பேருந்தில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். அதன் நீர்த்தேக்கத்தின் அடியில் குவைரா என்னும் அருவித்தொடர் மூழ்கிக் கிடக்கிறது. 1982 அக்டோபரில் அணை நிரம்பும்வரை, விழும் நீரின் அளவில் அது இகுவாசுவைப் பலமடங்கு மிஞ்சியதாக இருந்தது. வழிகாட்டிகள் தாமாக அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, கேட்டால் சொல்வார்கள்.